சரக்கு வந்தது, வாசனை சரி

மார்ச் 3

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். இந்த வாரச் சரக்குப் பத்திரங்களோடு இந்தக் கடிதத்தையும் கூரியர் உறையில் வைத்திருக்கிறேன். பத்திரங்களை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். இதை நீங்கள் மட்டும் படியுங்கள்.

தொலைபேசியில் பேசலாம்தான். அண்ணன் எடுப்பதில்லை. நீங்கள் எடுத்தால் பக்கத்தில் அவர் இருக்கிறார். போன முறை நாம் பேசியது பேச்சா சண்டையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் எங்கள் தொழிற்சாலைக்கு அனுப்பிய மின்னஞ்சலைப் பார்த்தீர்களா? எனக்கு மட்டும் அனுப்பியிருந்தால், அண்ணன் திட்டுகிறார் என்று வாங்கிக்கொண்டிருப்பேன். மேலாளரில் தொடங்கி விற்பனைப் பிரிவு வரை எல்லாருக்கும் போட்டிருக்கிறார். 'நீங்கள் அனுப்பிய உருளைக்கிழங்கு ஃபிளேக்ஸ் ஏற்றும்போதே கெட்டிருந்தது. வாங்கியவர்கள் திருப்பிவிட்டார்கள். உங்கள் பரிசோதனை அறையில் இருப்பவர்கள் தூங்குகிறார்களா?' அந்த அறையில் இருப்பது நான். தன் தங்கைதான் அங்கே கையெழுத்துப் போடுகிறாள் என்று அறியாத ஒருவர் எழுதியது போல இருக்கிறது.

மறுநாளே என்னை அழைத்தார்கள். விசாரணை முடியும்வரை பரிசோதனை அறைக்குள் வர வேண்டாம் என்றார்கள். இப்போது நான் பெல்ட்டில் நிற்கிறேன். லாரியிலிருந்து இறங்கும் கிழங்கு, பனித் தண்ணீரில் கழுவி ஓடி வரும். கல்லையும் அழுகலையும் பொறுக்கிப் போட வேண்டும். கையுறை போட்டும் விரல் மரத்துவிடுகிறது. இதைப் பரிதாபத்துக்காக எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கிழங்கை அவித்து, மசித்து, மெல்லிய சீவலாக உலர்த்தி நாங்கள் ஏற்றும் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் இரண்டு பொட்டலம் எடுத்து அலமாரியில் வைத்திருப்போம். அந்தச் சரக்கின் பொட்டலம் ஒன்றை எல்லார் முன்னாலும் பிரித்தார்கள். வெந்நீர் ஊற்றி மூடித் திறந்தார்கள். அப்போதுதான் அவித்த கிழங்கு போல மணந்தது. எங்கள் சூப்பர்வைசர் அம்மாவும் முகர்ந்தார். ஆகவே இங்கே பழுதில்லை. ஆனாலும் வாங்கியவர் புகாரைத் திரும்பப் பெறும்வரை விசாரணை முடியாதாம்.

சரக்கு வந்து சேர்ந்த அன்று அண்ணன் எனக்கு எழுதியது இது: 'சரக்கு வந்தது. ஈரம் சரி. வாசனை சரி. உடம்பைப் பார்த்துக்கொள்.' வாசனை சரி என்று சொன்னவர், சில வாரம் கழித்து அது கிளம்பும்போதே நாறியது என்கிறார். இதற்கு எனக்கு விளக்கம் வேண்டும். அதே சரக்கின் இன்னொரு பொட்டலத்தைச் சூப்பர்வைசர் அம்மாவிடம் கேட்டு வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். அவரையே முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தரப் பரிசோதகர் (முன்னாள்)


மார்ச் 14

அன்புள்ள சின்னு,

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கா? அவ்வளவு கோபமா? உனக்குக் கோபம் வந்தா பேச்சுத் தமிழ் ஓடிப் போயிடும்னு உங்க அண்ணன் சொல்லுவார். இப்பதான் கண்ணால பார்த்தேன். கையெழுத்துக்குப் பக்கத்துல முன்னாள்னு போட்டிருக்கியே, அதைப் படிச்சுச் சிரிச்சேன். அப்புறம் சிரிச்சிருக்கக் கூடாதுன்னு தோணிச்சு.

நடந்ததைச் சொல்றேன். நான் வக்கீல் இல்ல, யாருக்காகவும் வாதாட வரல.

உன் சரக்கு துறைமுகத்துக்கு ஒழுங்காத்தான் வந்து சேர்ந்தது. பத்திரத்துல இருந்த ஒரு எண்ணும் கன்டெய்னர் பெட்டி மேல இருந்த எண்ணும் ஒத்துப் போகலைன்னு சுங்கத்துல நிறுத்திட்டாங்க. நம்ம கிளியரிங் ஏஜெண்ட் 'நாளைக்கு, நாளைக்கு'ன்னு சொல்லிச் சொல்லியே ஒரு மாசத்தை ஓட்டினான். அத்தனை நாளும் அந்த இரும்புப் பெட்டி வெயில்ல கிடந்தது. உள்ள இருக்கறது உன் ஃபிளேக்ஸ். காகிதம் மாதிரி மெலிசு. அது என்ன பாடு பட்டிருக்கும்னு என்னைவிட உனக்குத் தெரியும்.

கோடவுனுக்கு வந்ததும் உங்க அண்ணன் வழக்கம்போல மூட்டையைப் பிரிச்சார். கப்புல ஒரு பிடி போட்டு, வெந்நீர் ஊத்தி, தட்டால மூடி, கொஞ்ச நேரம் கழிச்சுத் திறந்து மூக்கைக் கிட்ட கொண்டு போனார். 'ம், சரி'ன்னார். சரக்கு சிப்ஸ்காரருக்குப் போச்சு. அவர் மாவு பிசைஞ்சு, தேய்ச்சு, பொரிச்சு, பையில அடைச்சு முடிச்சப்புறம்தான் தெரிஞ்சிருக்கு. எல்லாத்துலயும் சிக்கு வாடை. பழைய எண்ணெய்ல முக்கின அட்டைப் பெட்டி மாதிரி. நேரா ஆபீசுக்கு வந்து ஒரு பையை மேஜை மேல வீசினார். 'உங்களை நம்பினேன் சார்'னு சொன்னார். வேற எதுவும் சொல்லல. திட்டியிருந்தாக்கூட தேவலை.

உங்க அண்ணன் முதல்ல, சிப்ஸ்காரரோட எண்ணெய்தான் கெட்டதுன்னார். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைன்னு சாதிச்சார். அடுத்து இன்னொருத்தரும் திருப்பினதும் எண்ணெயை விட்டுட்டு உங்க ஃபேக்டரியைப் பிடிச்சுக்கிட்டார். அந்த மெயிலை என்கிட்ட காட்டாமதான் அனுப்பினார். காட்டியிருந்தா நிறுத்தியிருப்பேனான்னு கேட்டா, தெரியல சின்னு. இப்பல்லாம் அவர்கிட்ட எதையும் நிறுத்தச் சொல்லத் தெம்பில்ல. ஆபீஸ், வீடு, பாப்பாவோட பள்ளிக்கூடம், மறுபடி ஆபீஸ். குதிரை கீழ தள்ளினது போதாதுன்னு குழியும் பறிச்சதாம், இதுக்கு நடுவுல திரும்பி வந்த மூட்டைகளை அடுக்க இடம் வேற தேடணும்.

நீ அனுப்பின பொட்டலத்தை அவர்கிட்ட குடுத்தேன். வெந்நீர் ஊத்திப் பார்த்தார். 'இதுவும் அதே வாடைதான், அவ தெரிஞ்சே அனுப்பியிருக்கா'ன்னார். கப்பை அப்படியே வெச்சுட்டு எழுந்து போயிட்டார். நான் எடுத்து மோந்து பார்த்தேன். எனக்கு நல்லாத்தான் இருந்தது. பாப்பா வந்து, 'அம்மா, மசிச்ச கிழங்கா, எனக்குக் கொஞ்சம் குடு'ன்னா. எங்க ரெண்டு பேருக்கும் என்ன தெரியும், அவர் மூக்கு வேறன்னு விட்டுட்டேன்.

கையை வெந்நீர்ல வெச்சுக்கோ. உடனே வைக்காதே, கொஞ்சம் தேய்ச்சுச் சூடு வந்தப்புறம்.

அண்ணி


மார்ச் 25

அண்ணி,

கோபம் தீரல. ஆனா பேச்சுத் தமிழ் திரும்ப வந்துடுச்சு.

உங்க கடிதத்துல ஒரு இடத்துலயே நின்னுட்டேன். நான் அனுப்பின பொட்டலத்துல அதே வாடைன்னு அண்ணன் சொன்னாரா? சத்தியமா? அது காத்து புகாம ஒட்டி, குளிர் அலமாரியில இருந்தது. அதுல வாடை வர வழியே இல்ல. உங்களுக்கு நல்லா இருந்திருக்கு. பாப்பா சாப்பிடக் கேட்டிருக்கா. அவருக்கு மட்டும் நாறியிருக்கு. கெட்டுப் போனது அவருக்கு நல்லா இருந்திருக்கு. இது என்ன கணக்கு?

அண்ணன் மூக்கைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? சின்ன வயசுல, நான் பள்ளிக்கூடத்துல இருந்து வரும்போது யார் வீட்டுல உட்கார்ந்துட்டு வந்தேன்னு என் சட்டையை வெச்சே கண்டுபிடிப்பார். அந்த மூக்கை நம்பித்தான் இந்த வியாபாரமே ஆரம்பிச்சார். அவருக்கு எப்படித் தப்பும்? ஒண்ணு, பொய் சொல்றார். இல்லைன்னா எனக்குப் புரியாத வேற ஏதோ. பொய்னா எதுக்கு? என்னை விரட்டறதுக்கா?

இதை எழுத வேண்டாம்னு நெனச்சேன், எழுதிடறேன். நான் கட்டிக்கிட்டுப் போன வீட்டை விட்டு வெளிய வந்தப்போ அண்ணன் ஒரு வருஷத்துக்கு மேல என்கிட்ட பேசல. ஏன்னு அவரும் கேட்கல, நானும் சொல்லல. அப்புறம் கடல் தாண்டி இந்த வேலை கிடைச்சது. எங்க ஃபேக்டரி ஃபிளேக்ஸ் விக்குது, அவர் ஃபிளேக்ஸ் வாங்கறார். ஒரு நாள் விலை கேட்டு மெயில் வந்தது. அண்ணன் தங்கச்சி பேச்சு அப்படித்தான் திரும்ப ஆரம்பிச்சது. ஈரம் எவ்வளவு, மூட்டை எத்தனை, கப்பல் எப்போ. எல்லாத்துக்கும் கடைசியில 'உடம்பைப் பார்த்துக்கோ'ன்னு ஒரு வரி. சிரிக்காதீங்க, அந்த ஒரு வரிக்காக நான் ஒவ்வொரு கப்பலுக்கும் காத்திருப்பேன். எங்களுக்கு நடுவுல இருந்தது உருளைக்கிழங்கு மட்டும்தான். இப்ப அதுவும் அழுகிடுச்சு.

நீங்களும் அப்போ எனக்கு எழுதல. அதையும் சொல்லிடறேன், மனசுல வெச்சுக்கிட்டுக் கை மரத்துப் போய் நிக்க முடியல.

இங்க ஒரே பனி. பெல்ட்டுல என் பக்கத்துல நிக்கறவ பேச மாட்டா, பாட்டு மட்டும் முணுமுணுப்பா. எந்த மொழின்னே தெரியல.

சின்னு


ஏப்ரல் 7

அன்புள்ள சின்னு,

நீ கேட்ட கணக்குக்கு விடை கிடைச்சுடுச்சு. எலி குடுத்தது.

போன வாரம் ஒரு கையெழுத்து வாங்கறதுக்காகக் கோடவுனுக்குப் போனேன். மேஸ்திரியும் மூட்டை தூக்கறவங்களும் வெளிய, மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு வரிசையா நிக்கறாங்க. கதவுகிட்ட போனதுமே நானும் புடவைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டேன். 'என்ன மேஸ்திரி இது?'ன்னேன். 'எலி செத்துக் கிடக்கும்மா, அய்யா ரூம்லதான். முந்தாநாள்ல இருந்தே நாறுது'ன்னார். 'அப்புறம் ஏன் எடுக்கல?'ன்னேன். அவர் கையைப் பிசையறார். 'அய்யா ஒண்ணுமே சொல்லலம்மா. சரக்கு திரும்பி வந்த கோபத்துல, எங்களுக்குத் தண்டனையா வேணும்னே விட்டு வெச்சிருக்கார்னு நெனச்சோம்.'

உள்ள போனேன். உங்க அண்ணன் மேஜையில டிபன் பாக்ஸைத் திறந்து வெச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். நிதானமா. என்னைப் பார்த்து, 'என்ன, புடவையால மூக்கைப் பொத்திக்கிட்டு வர்றே, தூசியா?'ன்னார்.

அவர் என் கையைப் பார்த்தார். ஜன்னல் வழியா வெளிய நிக்கறவங்க துண்டைப் பார்த்தார். அப்புறம் ஸ்பூனைக் கீழ வெச்சார். 'ஆமா, ஏதோ லேசா வாடை வருது'ன்னார். லேசா! எலி அவர் கால்கிட்ட, கீழ் டிராயருக்கு அடியில இருந்தது சின்னு. அவர் செருப்புக்கும் அதுக்கும் ஒரு சாண் இடம் இருந்திருக்காது. (சாப்பாட்டுச் சரக்கு வைக்கிற இடத்துல எலின்னு வெளிய சொல்லிடாதே. பொறி வைக்கிற ஆளை அன்னிக்கு நான் விட்ட விடுல அவனே பொறிக்குள்ள போயிருப்பான்.)

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். 'எவ்வளவு நாளா?'

'என்ன எவ்வளவு நாளா?'

'முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. மூக்கு எவ்வளவு நாளா இல்ல?'

கட்டில் ஓரத்துல உட்கார்ந்தார். குளிர்காலத்துல ஒரு காய்ச்சல் வந்ததே, எல்லாரும் ஒரு வாரம் படுத்தோமே, அதுல போயிருக்கு. காய்ச்சல் விட்டா வந்துடும்னு இருந்திருக்கார். வரல. நாக்குக்கு உப்பும் புளிப்பும் மட்டும் தெரியுமாம், மத்ததெல்லாம் மரத்தூள் மாதிரி இருக்குமாம். இத்தனை மாசமா நான் சமைச்சதை 'நல்லா இருக்கு, நல்லா இருக்கு'ன்னு சாப்பிட்டிருக்கார். கல்யாணம் ஆனதுல இருந்து இவ்வளவு பாராட்டினதே இல்லையேன்னு நானும் குளிர்ந்து போயிருந்தேன்.

'அப்ப ஏன் சரக்கு சரின்னு சொன்னீங்க?'ன்னேன். 'உன் தங்கச்சி அனுப்பினது எப்பவும் நல்லாத்தானே இருக்கும், அந்த நம்பிக்கையில சொன்னேன்'னார். கவனிச்சியா, அவரோட தங்கச்சி நீ. என்னோட தங்கச்சி இல்ல. குழப்பத்துல அப்படி வந்துடுச்சு. 'அப்புறம் ஏன் அவ மேலயே போட்டீங்க?'ன்னேன். கட்டில் விரிப்பை நீவிக்கிட்டே, 'வேற யார் மேல போட்டாலும் நேர்ல வந்து நிப்பாங்க. அவ தூரத்துல இருக்கா'ன்னார்.

எனக்கு அழுகை வரல சின்னு. கோபம்கூட வரல. அலுப்புதான் வந்தது. ஒரு பெரிய மூட்டையை மாசக்கணக்கா ஒத்தை ஆளா தூக்கிக்கிட்டு நடந்திருக்கார், பக்கத்துலயே நடந்த எனக்குத் தெரியல. தெரிஞ்சப்போ அதுல பாதி என் தலையில.

யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். உனக்குச் சொல்லிட்டேன். உனக்குச் சொல்லாம இருக்க முடியாது.

உன் மேலாளருக்கு எழுதுங்கன்னேன். சரின்னு உட்கார்றார், ரெண்டு வரி அடிக்கிறார், அழிக்கிறார், எழுந்திருக்கிறார். தப்பு உங்க பக்கம் இல்லைன்னு எழுதினா, யார் பக்கம்னு எழுதணும். அங்கதான் நிக்கறார்.

இதுல அடுத்த பெட்டியும் இறங்கிடுச்சு. இது சூப்காரருக்கு. ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் கஞ்சியும் மசியலும் பாக்கெட்ல போடறவர். உனக்கு அவரைத் தெரியாது. லேப் ரிப்போர்ட்டைக் குடுத்தா மடிச்சு விசிறிக்குவார். 'பேப்பர் கிடக்கட்டும் சார், உங்க மூக்கு என்ன சொல்லுது'ன்னு எதிர்ல உட்கார்ந்துக்குவார். உங்க அண்ணன் மோந்து பார்த்து 'சரி'ன்னு சொன்னா எழுந்து கை குலுக்கிட்டுப் போயிடுவார். சிப்ஸ்காரர் போனப்புறம் எங்களுக்கு இருக்கற பெரிய ஆள் அவர்தான். இந்த மாசக் கடைசியில வர்றார். நான் என்ன பண்ணட்டும்?

அப்போ நான் உனக்கு எழுதல, நிஜம்தான். அண்ணனும் தங்கச்சியும் பேசிக்காதப்போ நடுவுல நான் என்ன எழுதறதுன்னு இருந்துட்டேன். அது ஒரு காரணம் இல்லைன்னு எனக்கும் தெரியும்.

அண்ணி


ஏப்ரல் 18

அண்ணி,

உங்க கடிதத்தை இடைவேளையில படிச்சேன். பெல்ட்டுக்குத் திரும்ப வந்து நின்னா கல்லும் தெரியல, கிழங்கும் தெரியல. பக்கத்துல நிக்கறவ என் பங்கையும் சேர்த்துப் பொறுக்கினா. ஒண்ணும் கேட்கல.

மரத்தூள் மாதிரின்னு சொன்னாரா? அண்ணனா? ஒரு பழத்தைக் கையில எடுத்தா, வெட்டறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் மோந்து பார்த்துக்கிட்டே இருப்பார். அது பழத்துக்கே கூச்சமா இருக்கும்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

அவ தூரத்துல இருக்கான்னு சொன்னதையும் படிச்சேன். ரெண்டு மூணு தரம் படிச்சேன். வலிக்குது. ஆனா அவர் இவ்வளவு நேரா என்னைப் பத்தி ஒண்ணு சொல்லி எத்தனையோ வருஷம் ஆச்சு.

முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இங்க எங்க கூட வேலை பார்த்த ஒருத்தருக்கும் இப்படிப் போய், கொஞ்சம் கொஞ்சமா வந்தது. வராமலும் போகலாம்னு சொல்றாங்க. எப்படின்னாலும் தெரிஞ்சுக்கறது நல்லது.

என் வேலைக்காக அவரை அவமானப்பட வைக்காதீங்க. மெயிலை மெதுவா எழுதட்டும். எழுதாட்டியும் போகட்டும். குளிர் குறைஞ்சுடுச்சு, நான் பெல்ட்டுல நின்னுக்குவேன். நிக்கறது எனக்குப் பழகிப் போச்சு.

ஆனா சூப்காரர் விஷயத்துல மட்டும் விடாதீங்க. சிப்ஸ் நாறினா ஒருத்தன் காறித் துப்பிட்டு வேற பாக்கெட் வாங்குவான். ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவங்களுக்கு வேற பாக்கெட் ஏது? ஏற்கெனவே சாப்பாடு இறங்காதவங்க. வாடை வந்தா ஒதுக்கி வெச்சுடுவாங்க, நர்சுக்கு ஏன்னு தெரியாது, பசிக்கலைன்னு எழுதிடுவாங்க.

எனக்கு ஒரு யோசனை. அண்ணன் கப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி நீங்க திறந்து பாருங்க. உதவி பண்ற மாதிரி. நல்லா இருந்தா தட்டைக் கப்பு மேலயே வைங்க. சந்தேகமா இருந்தா தட்டைப் பக்கத்துல வைங்க. அவர் அதைப் பார்த்துச் சொல்லட்டும். சூப்காரருக்குத் தெரியாது. உங்க மூக்கு நல்ல மூக்குதான் அண்ணி. என் பொட்டலத்தை நீங்கதானே சரியாச் சொன்னீங்க.

இது ஏமாத்தறதான்னு கேட்டா, ஆமான்னும் தோணுது, இல்லைன்னும் தோணுது. எனக்கு அண்ணன் முகம்தான் முன்னாடி வருது.

சின்னு


மே 2

அன்புள்ள சின்னு,

நடந்ததை நடந்தபடி எழுதறேன். உன் யோசனையை அவர்கிட்ட சொன்னேன். 'சரி, அப்படியே பண்ணலாம்'னார். ரெண்டு நாள் சமையலறையில ஒத்திகை பார்த்தோம். நான் தட்டை வைக்கிறேன், அவர் கப்பைத் தூக்கறார். பாப்பா, 'என்ன விளையாட்டு இது, நானும் வரட்டுமா'ங்கறா. கல்யாணத்துக்கு முன்னாடிகூட நாங்க இப்படிக் கண்ணாலயே பேசிக்கிட்டதில்ல.

சூப்காரர் வந்தார். வெயில்ல வேர்த்துப் போய் உட்கார்ந்து, லேப் ரிப்போர்ட்டை வாங்கி வழக்கம்போல விசிறிக்கிட்டார். 'வீட்டம்மாவும் வந்துட்டாங்க, பெரிய மரியாதைதான்'னு சிரிச்சார். பெட்டியோட முன்னால, நடுவுல, கடைசியிலன்னு எடுத்த மூட்டைகள்ல இருந்து வரிசையா கப்புல போட்டு வெந்நீர் ஊத்தி மூடி வெச்சோம். நான் ஒவ்வொண்ணா திறந்து, ஆவி போகட்டும்னு சாக்குச் சொல்லி மோந்து பார்த்தேன். எல்லாம் நல்லா இருந்தது. தட்டு மேல, தட்டு மேல. கடைசிக் கப்புல கை நின்னுடுச்சு. ரொம்ப லேசா. நாறுதுன்னு சொல்ல முடியாது. ஆனா கிழங்கு வாசனைக்குப் பின்னால ஏதோ ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டு நிக்குது. பெட்டிக் கதவு ஓரத்துல இருந்த மூட்டை அது. தட்டைப் பக்கத்துல வெச்சேன்.

உங்க அண்ணன் பார்த்தார். முதல் கப்பை எடுத்தார். மூக்குகிட்ட கொண்டு போனார். சூப்காரர் விசிறிக்கிட்டிருந்த பேப்பரை நிறுத்திட்டு அவர் முகத்தையே பார்க்கறார். நான் இவர் முகத்தைப் பார்க்கறேன். இவர் கண்ணை மூடிக்கிட்டார். எப்பவும் மூடற மாதிரியேதான். அப்படியே இருந்தார், இருந்தார். சரின்னு ஒரு வார்த்தை, அது வரல.

கப்பைக் கீழ வெச்சுட்டார்.

'எனக்கு வாசனை தெரியறதில்லைங்க'ன்னார். 'குளிர்காலத்துக் காய்ச்சல்ல போயிடுச்சு. போன சரக்கைத் தெரியாமதான் சரின்னு அனுப்பினேன். அது கெட்டுத்தான் இருந்தது. இதை இவ பார்த்துட்டா. கடைசிக் கப்பு சந்தேகம்ங்கறா. நானே மோந்து பார்த்துச் சொல்ற மாதிரி சொல்லச் சொன்னாங்க. என்னால முடியல.'

சூப்காரர் எழுந்தார். போன் வந்த மாதிரி வெளிய போனார். போன் வரலைன்னு எனக்குத் தெரியும், உங்க அண்ணனுக்கும் தெரியும். அவர் மேஜையையே பார்த்துக்கிட்டு இருக்கார். என்கிட்ட, 'போயிடுவார், விடு'ன்னு மெதுவா சொன்னார். முதல் தடவையா அவர் குரல்ல பயம் இல்ல. களைப்பு மட்டும் இருந்தது. மூட்டையை இறக்கி வெச்சவன் குரல்.

சூப்காரர் திரும்பி வந்தார். உட்காராம நின்னுக்கிட்டே, கடைசிக் கப்பை எடுத்து அவரே மோந்து பார்த்தார். 'எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா'ன்னார். நான், 'கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் பாருங்க'ன்னேன். ஆறினப்புறம் பார்த்தார். மூஞ்சி சுருங்கிச்சு.

நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்காதே. கதவோர மூட்டைகளை ஒதுக்கிட்டு, கேட்டதுல பாதிதான் எடுத்தார். இனிமே ஃபிளேக்ஸ்ல சிக்கு பிடிச்சிருக்கான்னு பார்க்கற லேப் சோதனையும் வேணும்னுட்டார். ஆள் வேற இடத்துலயும் விலை கேட்கறார்னு கேள்விப்படறேன். போகும்போது உங்க அண்ணன் தோள்ல தட்டினார், ஆனா கை குலுக்கல. சிப்ஸ்காரர்கிட்ட இவர் தானாப் போய்ச் சொன்னார். 'இப்பவாவது சொன்னீங்களே'ன்னு தண்ணி குடுத்து அனுப்பிட்டார். திரும்ப வாங்கறதாச் சொல்லல. கோடவுன்ல ஒரு பகுதியை விட்டுடலாம்னு இருக்கோம். ரெண்டு ஆளை நிறுத்த வேண்டி வரும். அதை நெனச்சாத்தான் தூக்கம் வரல.

அன்னிக்குச் சாயங்காலமே உன் மேலாளருக்கு எழுதினார். ஒரே மூச்சுல. என்கிட்ட காட்டினார். ரெண்டு எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினேன்.

டாக்டர்கிட்ட போனோம். எலுமிச்சம்பழம், கிராம்பு, சோப்புன்னு தினம் எதையாவது மோந்து பார்க்கச் சொல்லியிருக்கார். வரலாம், வராமலும் போகலாம்னு உன்னை மாதிரியே சொல்றார். காலையில பல்லு விளக்கிட்டு, குளியல் சோப்பைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறார். பாப்பா பக்கத்துல நின்னு, 'வந்துச்சாப்பா?'ன்னு கேட்கறா. 'இன்னும் இல்லடா'ங்கறார்.

அண்ணி


மே 20

அண்ணி,

மறுபடியும் பரிசோதனை அறையில இருந்து எழுதறேன். அண்ணனோட மெயிலை மேலாளர் வாசிச்சுக் காட்டினார். யாரும் மன்னிப்புக் கேட்கல. சூப்பர்வைசர் அம்மா என் வெள்ளைக் கோட்டைத் துவைச்சு மடிச்சுக் கொண்டு வந்து குடுத்து, 'நாளைக்குச் சீக்கிரம் வா, நிறைய சேர்ந்து கிடக்கு'ன்னாங்க. அவ்வளவுதான். பெல்ட்டுல பாட்டுப் பாடினவகிட்ட போறேன்னு சொல்லப் போனேன். கையுறையைக் கழட்டி, என் கன்னத்தைத் தொட்டுட்டு மறுபடி போட்டுக்கிட்டா.

நீங்க அந்தக் கப்புல கண்டுபிடிச்சது சரிதான். கதவோர மூட்டைகள்ல சூடு ஏறும். நாங்களே இனிமே அங்க வெத்து அட்டை வெச்சு அடைக்கறதாப் பேசியிருக்கோம்.

அண்ணன் போன் பண்ணினார். உங்ககிட்ட சொன்னாரான்னு தெரியல, சொல்லியிருக்க மாட்டார். கப்பலைப் பத்திக் கேட்பார்னு நான் பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்தேன். அவர் ஒண்ணும் கேட்கல. அப்புறம், 'உன் மேல போட்டது தப்பு'ன்னார். 'சரி, விடுங்க'ன்னேன். 'விடறதுக்கு இல்ல'ன்னார். அப்புறம் திடீர்னு, 'அன்னிக்கு நீ ஏன் அந்த வீட்டை விட்டு வந்தே? நான் கேட்கவே இல்லையே'ன்னார்.

இத்தனை வருஷமா அந்தக் கேள்விக்குப் பதில் தயாரா வெச்சிருந்தேன் அண்ணி. எத்தனையோ விதமா சொல்லிப் பார்த்திருக்கேன், குளிக்கும்போது, பஸ்ல, பெல்ட்டுல நிக்கும்போது. கேட்டதும், 'ஷிப்டுக்கு நேரமாச்சு, இன்னொரு நாள் சொல்றேன்'னேன். 'சரி, நான் திரும்பக் கூப்பிடறேன்'னார். கூப்பிடுவார்னு நம்பறேன். இந்தத் தடவை நம்பறேன்.

அவர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடறேன், அப்பதான் அவர்கிட்ட வாய் வரும். என் வீட்டுக்காரர் என்னை அடிக்கல. குடிக்கல. ஊர்ல யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன்னுதான் சொல்வாங்க. என்கிட்ட மட்டும் பேச மாட்டார். சாப்பாடு எடுத்து வைக்கட்டுமான்னா பேப்பரைத் திருப்புவார். உடம்பு சரியில்லைன்னா டிவி சத்தத்தைக் கூட்டுவார். வருஷக்கணக்கா. ஒரு கட்டத்துல நான் நிஜமாவே பேசறேனா, மனசுக்குள்ள மட்டும் பேசிக்கறேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அதைச் சொன்னா யார் நம்புவாங்க, இதுக்கெல்லாமா வீட்டை விட்டு வருவாங்கன்னு கேட்பாங்கன்னுதான் சொல்லல. வெளிய வந்தப்புறம் அண்ணனும் பேசல, நீங்களும் எழுதல. அப்போதான் தப்புப் பண்ணிட்டோமோன்னு முதல் தடவையாத் தோணிச்சு.

இப்ப தோணல. ரொம்ப களைப்பா இருக்கு, அவ்வளவுதான். நல்ல களைப்பு.

பத்திரங்களைத் தனி உறையில அனுப்பறேன், ஆபீசுக்கு. இதை வீட்டு விலாசத்துக்கே போடறேன். பதில் எழுதுங்க அண்ணி. சரக்கைப் பத்தி ஒண்ணும் வேண்டாம்.

சின்னு